பனியன் துணிக்கும் ஒரு தையல் பாடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய டி-ஷர்ட்டுகளைப் பைகளாகவும் சிறுமியர் உடைகளாகவும் மாற்றி வீட்டிலிருந்தபடியே வருமானம் ஈட்டலாம் என்று தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அரசுப் பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு மிகவும் உவப்பானது. ஆனால் அது சொல்லாமல் விட்ட ஒரு செய்தி, படித்தவர்களின் முயற்சியையே வீணாக்கிவிடக் கூடியது என்பதால் இதை எழுதுகிறேன். விட்டுப்போனது துணியைப் பற்றிய அறிவு. டி-ஷர்ட், நெய்யாமல் கண்ணி கண்ணியாகப் பின்னிய பனியன் துணியால் ஆனது. நம் ஊர்த் தையல் வகுப்புகளோ நெய்த துணியை மனத்தில் வைத்தே பாடம் நடத்துகின்றன. பாப்ளினையும் டூ-பை-டூ ரவிக்கைத் துணியையும் வெட்டிப் பழகிய கை, அதே ஊசியோடும் அதே நூலோடும் பனியன் துணியைத் தொட்டால் தையல் நெளியும், ஓரம் அலை அலையாக விரியும், தலைவழியே போடும்போது கழுத்துத் தையல் ‘பட்’டென்று அறுந்துபோகும். கட்டுரையை நம்பி மெஷினில் உட்கார்ந்த பெண்களில் பலர் இந்நேரம் இதைக் கண்டு, ‘நமக்குக் கை வரவில்லை’ என்று அந்தத் துணியை வண்டி துடைக்கப் போட்டிருப்பார்கள். அவர்கள் கையில் குறை ஒன்றும் இல்லை.

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களிலும் இந்தத் துணிக்குப் பஞ்சமே கிடையாது. ஓசூர் சிப்காட் ஆலைகளுக்குப் போகிறவர்களின் கம்பெனி டி-ஷர்ட்டுகள், பள்ளி விளையாட்டு விழாவுக்காக அணிவாரியாக எடுத்த சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளும், முதுகில் பெயரும் எண்ணும் பதித்த கபடிக் குழு உடைகள், எருது விடும் விழாவுக்கென்று ஊர் இளைஞர்கள் ஒரே நிறத்தில் அச்சடித்துக்கொள்பவை, தேர்தல் காலத்தில் வந்து சேர்பவை என்று வீட்டுக்கு வீடு பீரோவின் கீழ்த்தட்டில் அவை அடைந்து கிடக்கின்றன. பல டி-ஷர்ட்டுகள் அந்த ஒரு நாளுக்குப் பிறகு உடுத்தப்படுவதே இல்லை. கிழியாத, சாயம் போகாத, ஆனால் யாரும் போட்டுக்கொள்ள விரும்பாத துணி என்ற புதுவகைப் பண்டம் நம் வீடுகளில் இப்படித்தான் சேர்ந்தது.

பழைய புடவைக்கு இந்தச் சங்கடம் இருந்ததில்லை. புடவையும் வேட்டியும் வெட்டாத நீள்சதுரத் துணிகள். தூளி கட்டினார்கள், நாலாக மடித்துத் தைத்து விரிப்பாக்கினார்கள், பாவாடையும் தலையணை உறையும் தைத்தார்கள், கடைசியில் திரியாகக் கிழித்து விளக்கில் போட்டார்கள்; ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்து என்ன என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, வட கர்நாடகத்தில் கவுதி என்று புகழ்பெற்ற விரிப்புத் தையல்கள் எல்லாம் பழைய புடவை, வேட்டி அடுக்குகளின் மேல் ஓட்டுத் தையல் போட்டுப் பிறந்தவைதாம். டி-ஷர்ட்டோ ஏற்கெனவே வெட்டித் தைத்து உடம்பின் உருவத்துக்கு வந்துவிட்ட துணி. அதற்கு நம் வழக்கத்தில் அடுத்த கட்டம் என்று ஒன்று ஏற்படவே இல்லை. பாத்திரக்காரரும் பட்டுப் புடவைக்குக் காட்டும் முகத்தை இதற்குக் காட்டுவதில்லை. போகியன்று எரிப்பது ஒரு வழி. குப்பை வண்டியில் போடுவது இன்னொரு வழி. பழந்துணி வணிகர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தால், நல்வாய்ப்பாக, அரியானாவின் பானிபட் வரை பயணம் செய்து, நிறம் பிரிக்கப்பட்டு, நாராகக் கிழிக்கப்பட்டு மீண்டும் நூலாகிக் கம்பளியாகலாம். திருப்பூர் ஆலைகளின் வெட்டுக்கழிவாவது ‘பனியன் வேஸ்ட்’ என்ற பெயரில் பெங்களூரு–சேலம் நெடுஞ்சாலையோர லாரிப் பட்டறைகளில் கிரீஸ் துடைத்துத் தன் கடனைக் கழிக்கிறது. வீட்டுப் பீரோவில் இருப்பதற்கு அந்தக் கதியும் இல்லை.

ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு, பருத்தி விளைவதிலிருந்து கணக்கிட்டால், ஏறத்தாழ 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் மதிப்பீடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயல்பாட்டுக்கு வரும் வரை ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்டவர்கள் வாழும் மாவட்டத்தில் அந்த எண்ணின் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் கணக்கோடு சாயக் கணக்கும் உண்டு. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நேர்ந்ததைக் கண்டுதான் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆனாலும் சூழலைக் காக்க வேண்டும் என்ற கடமையுணர்வால் யாரும் மெஷினில் நீண்ட நாள் உட்கார்ந்து நான் கண்டதில்லை. செய்வது பிடித்திருந்தால்தான் உட்காருவார்கள்; கையில் எடுத்தது சரியாக வந்தால்தான் பிடிக்கும். ஆகவே எப்படிச் சரியாக வரச் செய்வது என்பதற்கு வருகிறேன்.

நெய்த துணியில் பாவு நூலும் ஊடை நூலும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் செல்கின்றன. பனியன் துணியில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் கண்ணி கண்ணியாக வளைந்து, ஒரு வரிசைக் கண்ணி அடுத்த வரிசைக் கண்ணிக்குள் நுழைந்து நிற்கிறது. இழுத்தால் நீள்வது நூல் அன்று. வட்டமாக இருந்த கண்ணி தட்டையாகிறது, விட்டால் பழைய வடிவுக்குத் திரும்புகிறது. டி-ஷர்ட்டின் வெளிப்புறத்தை உற்றுப் பார்த்தால் மேலிருந்து கீழாகக் கதிர் போன்ற நேர்வரிகள் தெரியும். உட்புறத்தில் பிறை பிறையான குறுக்குவரிகள் தெரியும். எது முகப்பு, எது பின்புறம், எது நீளவாக்கு என்பதை இதைக் கொண்டே அறியலாம். நீளவாக்கில் குறைவாகவும் குறுக்குவாக்கில் அதிகமாகவும் இழுபடும் துணி இது என்பதால், எந்த உடையாக மாற்றினாலும் இழுபடும் வாக்கு உடம்பைச் சுற்றி வரும்படிதான் வெட்ட வேண்டும். துணி மிச்சம் பிடிப்பதற்காக வாக்கை மாற்றி வெட்டியவர்கள், தோளில் ஏறாத சட்டையோடும் முழங்காலுக்குத் தொங்கும் கையோடும் அல்லாடுவார்கள்.

இந்தத் துணி வெட்டினால் பிசிறு விடாது. அதற்குப் பதிலாகச் சுருளும். குறுக்காக வெட்டிய ஓரம் முகப்புப் பக்கமாகவும், நீளமாக வெட்டிய ஓரம் பின்பக்கமாகவும் சுருண்டுகொள்ளும். தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம், ஏனெனில் கழுத்தை அகலமாக வெட்டி அப்படியே விட்டாலும் ஓரம் தானாக உருண்டு அழகாக நிற்கும், மடித்தடிக்கத் தேவையில்லை. வேறொரு வசதியும் உண்டு. புதிய பனியன் துணியைத் தைக்குமுன் நனைத்துச் சுருக்க வேண்டும். பலமுறை துவைத்த பழைய டி-ஷர்ட் சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கி முடித்திருக்கும். வெட்டிய அளவு அப்படியே நிலைக்கும்.

அடுத்தது ஊசி. கூர்மையான சாதாரண ஊசி பனியன் துணியின் கண்ணியை ஊடுருவி அறுத்துவிடும். ஒரு கண்ணி அறுந்தால் அதன் மேல் வரிசையும் கீழ் வரிசையும் பிடிமானம் இழந்து, துவைக்கத் துவைக்க ஏணிப்படி போல ஓட்டை நீளும். முனை சற்று உருண்ட ‘பால் பாயின்ட்’ ஊசி கண்ணிகளை விலக்கிக்கொண்டு இடையில் இறங்கும். ரவிக்கை தைக்கும் 14, 16 எண் ஊசிகளை எடுத்துவிட்டு, டி-ஷர்ட்டுக்கு 11-ஆம் எண் பால் பாயின்ட் ஊசியைப் போட வேண்டும். வீட்டு மெஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டுள்ள ஊசி, பவர் மெஷினுக்கு உருண்டைத் தண்டுள்ள ஊசி என்று வேறுபாடு இருப்பதால், வாங்கப் போகும்போது பழைய ஊசியைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நூலும் பாலியெஸ்டர் நூலாக இருக்க வேண்டும்; பருத்தி நூலுக்கு இழுவை போதாது. இந்த ஊசிக்கு ஆகும் செலவு ஒரு காபிக் காசுதான். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்காமலே தையல் வகுப்புகள் சான்றிதழ் வழங்கிக்கொண்டிருக்கின்றன என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தையலின் வகையும் முக்கியம். நேர்த்தையல் நீளாது, துணி நீளும். இரண்டுக்கும் இடையே நடக்கும் இழுபறியில் நூல் தோற்கும். திருப்பூரில், துணியோடு சேர்ந்து நீளும் தையல்களான ஓவர்லாக்கை ஓரத்துக்கும் பேட்லாக்கை அடிமடிப்புக்கும் அடிப்பது இதற்காகவே. ஜிக்-ஜாக் வசதி உள்ள வீட்டு மெஷின் இருப்பவர்கள் குறுகிய ஜிக்-ஜாக்கில் அடித்துக்கொள்ளலாம். புடவைக்கு ஓரம் அடிக்கும் பீகோ கடைகள் இன்று ஒன்றியத் தலைநகரம்தோறும் இருக்கின்றன. அவர்களிடம் இருப்பதும் ஜிக்-ஜாக் அடிக்கும் மெஷின்தான் என்பதால், வெட்டி ஊசி குத்திக்கொண்டு போனால் சில நிமிடங்களில் முடித்துத் தந்துவிடுவார்கள். காலால் மிதிக்கும் கறுப்பு மெஷின் மட்டுமே உள்ளவர்களும் மனம் தளர வேண்டாம். அழுத்துப் பாதத்தின் அழுத்தத்தைத் திருகித் தளர்த்தி, தையலின் நீளத்தைக் குறைத்து, துணியை முன்னும் பின்னும் இலேசாகப் பிடித்தவாறு அடித்தால் தையலுக்குக் கொஞ்சம் இழுவை கிடைக்கும். துணியை நகர்த்தும் மெஷின் பல்லில் துணி சிக்கினால் அடியில் மெல்லிய தாளை வைத்து அடித்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்தெடுக்கலாம். (அதற்கு நாளிதழ்த் தாளை வைக்க வேண்டாம் என்று என் மாணவியரிடம் சொல்வேன், வெள்ளைத் துணியில் அச்சு மை ஒட்டிவிடும். ஆசிரியர் பொறுத்தருள்க.) மெஷினே இல்லாதவர்களுக்குச் சங்கிலித் தையல் இருக்கிறது. பூத்தையலுக்கென்று நாம் ஒதுக்கி வைத்த அந்தத் தையல், துணியோடு சேர்ந்து நீளும் குணம் கொண்டது. பக்கத் தையலுக்கே தாராளமாகப் பயன்படுத்தலாம்.

வெட்டுவதற்கு முன் துணி எதனால் ஆனது என்றும் பார்த்துவிட வேண்டும். உள்தையலில் இருந்து ஒரு சிறு துண்டை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினால், பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும். கபடி, கிரிக்கெட் அணிகளின் வழவழப்பான டி-ஷர்ட்டுகள் பெரும்பாலும் இரண்டாம் வகை. அவை வியர்வையை உறிஞ்சாது, குழந்தைக்கு உள்ளுடையாகத் தைக்க ஏற்றவை அல்ல. ஆனால் ஈரம் பட்டால் சீக்கிரம் உலர்வதால் சந்தைப் பைக்கும் நீச்சல் உடை போட்டு வைக்கும் பைக்கும் நன்றாக உதவும். அடுப்படியில் கரித்துணியாக மட்டும் அவற்றை ஒருபோதும் வைக்கக் கூடாது. சூடான பாத்திரத்தில் உருகி விரலில் ஒட்டிக்கொண்டால் பெருந்தீங்கு.

பெரியவர் டி-ஷர்ட்டிலிருந்து ஆறு வயதுச் சிறுமிக்குக் கவுன் தைப்பதை எடுத்துக்கொள்வோம். ஆலையில் அடித்த அடிமடிப்பு நாம் வீட்டில் அடிப்பதைக் காட்டிலும் உறுதியானது. எனவே அதை வெட்டாமல் கவுனின் அடி ஓரமாக அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். டி-ஷர்ட்டை நீளவாக்கில் சரிபாதியாக மடித்து, அந்தச் சிறுமிக்குப் பொருத்தமாக இருக்கும் வேறொரு சட்டையையும் அதேபோல் மடித்து மேலே வைத்து, தையலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர் விட்டுச் சாக்குக் கட்டியால் வரைந்தால் அளவெடுக்கும் கணக்கே தேவைப்படாது. இடுப்புக்குக் கீழே மட்டும் பக்கவாட்டில் விரித்து வரைந்துகொண்டால் கவுனுக்கு வேண்டிய அகலம் கிடைத்துவிடும். கைக்குப் பழைய கையையே, அதன் மடிப்பு ஓரம் கெடாமல், சிறிதாக்கிக்கொள்ளலாம். கடினமான இடம் கழுத்து. மிச்சத் துணியிலிருந்து குறுக்குவாக்கில் ஒரு பட்டி வெட்டி, அதன் நீளம் கழுத்துச் சுற்றளவைவிட ஐந்தில் ஒரு பங்கு அல்லது ஆறில் ஒரு பங்கு குறைவாக இருக்கும்படி இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, கழுத்தோடு நான்கு இடங்களில் ஊசி குத்தி, பட்டியை மட்டும் இழுத்தபடி தைக்க வேண்டும். பட்டியும் கழுத்தும் ஒரே நீளத்தில் இருந்தால் கழுத்து வாய் பிளந்து நிற்கும். கடைகளில் விற்கும் உடையின் கழுத்து படிந்து உட்காருவதன் இரகசியம் இந்தக் குறைப்பில்தான் இருக்கிறது. தோள் தையலில் ஒரு மெல்லிய நாடாவைச் சேர்த்து அடித்துவிட்டால் துவைக்கும்போது தோள் தொங்காது. மார்பில் உள்ள அச்சுப் படத்தின் மேல் நேராக இஸ்திரிப் பெட்டியை வைக்கக் கூடாது. துணியைத் திருப்பிப் போட்டுத் தேய்க்க வேண்டும். கம்பெனிச் சின்னம் உள்ள சீருடையாக இருந்தால் சின்னத்தை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறு நிறத்தில் ஒரு சட்டைப்பையைத் தைத்துவிடுவது நாகரிகம்.

உடை தைக்கத் துணியாதவர்கள் நூலாக்கிக்கொள்ளலாம். அக்குளுக்குக் கீழே குறுக்காக வெட்டியெடுத்த உடற்பகுதி ஒரு குழாய். சுற்றளவு ஒரு மீட்டர், உயரம் 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் 16 சுற்றுகள், அதாவது அறுபடாத 16 மீட்டர் நாடா கிடைக்கும். ஒரு பக்க விளிம்பைத் தொடாமல் பட்டைகளை வெட்டி, வெட்டாமல் விட்ட விளிம்பில் ஒரு வெட்டிலிருந்து அடுத்த வெட்டுக்குச் சாய்வாக வெட்டிச் சென்றால் அது ஒரே தொடராக வந்துவிடும். இரு கைகளாலும் இழுத்துவிட்டால் நாடா தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாக மாறுவதோடு இன்னும் நீளும். பக்கத் தையல் இல்லாத டி-ஷர்ட் இதற்குச் சிறந்தது. தையல் இருந்தால் இழுக்கும்போது அந்த இடத்தில் விட்டுப்போகும். தடித்த குரோஷா ஊசி இருந்தால் பின்னலாம், இல்லாவிட்டால் மூன்று புரியாகச் சடை பின்னி வட்டமாகச் சுற்றித் தைத்து மிதியடியாக்கலாம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மார்கழிக் குளிரில் சிமென்ட் தரையில் கால் வைக்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

சாயமிடுவதைப் பற்றி ஒரு சொல். வெளுத்துப்போன பருத்தி டி-ஷர்ட்டை நாட்டு மருந்துக் கடைக் கடுக்காய்த் தூளில் ஊறவைத்து, பிறகு அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கரைத்த நீரில் முக்கினால் சாம்பலிலிருந்து கருமை வரை நிறம் ஏறும். மஞ்சளை நம்ப வேண்டாம். வெயிலில் காய்ந்தால் போய்விடும்.

இவற்றையெல்லாம் நான் பொழுதுபோக்கு என்றே சொல்ல விரும்புகிறேன். கட்டுரையோடு நான் முரண்படும் இடமும் இதுதான். ஒரு பெண் கைவேலை எதையேனும் ஆர்வமாகச் செய்தால் உடனே ‘இதை விற்கலாமே’ என்று சொல்வது நம்மிடம் பழக்கமாகிவிட்டது. துணிக்கடைகளுக்குப் பேர்போன பர்கூரிலோ, ஞாயிறுதோறும் கூடும் போச்சம்பள்ளிச் சந்தையிலோ புதிய டி-ஷர்ட்டே மலிவாகக் கிடைக்கும்போது, ஒரு பிற்பகல் முழுதும் உழைத்து உருமாற்றிய பழைய துணிக்குக் கூலி கட்டும்படியான விலை யார் தருவார்? விற்கும் நோக்கத்தோடு தொடங்கியவர் இரண்டாவது மாதமே மெஷினை மூடிவிடுகிறார். பேத்திக்கு ஒன்று, தங்கை மகளுக்கு ஒன்று என்று தொடங்கியவர் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறார். தையலால் வருமானம் தேடுவோருக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பள்ளி மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் தைக்கிறார்கள். ஆதரவற்ற பெண்கள், கணவரை இழந்தோர் போன்றோருக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான திட்டத்தில் சமூக நலத்துறை இலவசத் தையல் இயந்திரம் வழங்குகிறது. அவை பிழைப்புக்கான வழிகள். அவற்றைப் பற்றித் தாங்கள் விரிவாக எழுதினால் பலருக்குப் பயன்படும். பொழுதுபோக்கைப் பிழைப்பாகக் காட்டினால் இரண்டுமே கெடும்.

எங்கள் தலைமுறைப் பெண்கள் வயர் கூடை பின்னியபோது யாரும் வருமானக் கணக்குப் பார்க்கவில்லை. சிவன் கண் கூடை, நெல்லிக்காய்க் கூடை, பிஸ்கட் கூடை என்று ஒரு தெருவில் ஒருத்திக்குத் தெரிந்த முடிச்சு மாலைக்குள் எல்லாத் திண்ணைகளுக்கும் பரவிவிடும். தருமபுரியில் அரசு பட்டுக்கூடு அங்காடி இருப்பதால், அந்துப்பூச்சி துளைத்து வெளியேறிய, நூலெடுக்க உதவாத கூடுகளைச் சேகரித்து மாலையும் பூவும் செய்யும் வேலையும் இங்கே இயல்பாக வேர் பிடிக்கக் கூடியது. பட்டு வளர்க்கும் வீடுகளுக்கு இதைச் சொல்லித் தருவாரும் தேவை.

இன்னொன்று: இது பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. நம் ஊர்க் கடைவீதிகளில் மெஷின் மிதிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கூலிக்குத் தைத்தால் ஆண் வேலை, வீட்டில் தைத்தால் பெண் வேலை என்று பிரித்து வைத்திருக்கிறோம். டி-ஷர்ட் அதிகம் உடுத்துகிறவர்களும் அதிகம் சேர்த்து வைப்பவர்களும் இளைஞர்கள்தாம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவன் தன் பழைய டி-ஷர்ட்டில் மடிக்கணினிக்கு உறை தைத்துக்கொள்வதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை; ஊசியில் நூல் கோக்க அவனுக்கு யாரும் கற்றுத் தரவில்லை என்பதுதான் வியப்பு.

கற்றுத் தர வேண்டிய இடம் பள்ளி. அரசுப் பள்ளிகளில் தையல் ஆசிரியர் பணியிடம் ஓவியம், இசை, உடற்கல்வி ஆகியவற்றோடு சிறப்பாசிரியர் வரிசையில் வருவது. 2012-இல் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி ஆகிய பிரிவுகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். தையலும் அந்தத் தொழிற்கல்விக்குள் அடங்கும். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டச் செய்திகளைத் தாங்கள் வெளியிட்டிருக்கிறீர்கள். அவர்கள் வகுப்பறையில் என்ன கற்பிக்கிறார்கள் என்பதைப் பற்றியும் ஒரு நாள் எழுதலாம். நான் கற்றதும் கற்பித்ததும் கைக்குழந்தைச் சட்டையான ஜப்லாவில் தொடங்கிப் பாவாடை, கவுன், ரவிக்கை என்று செல்லும் வரிசை. அரசுத் தொழில்நுட்பத் தேர்வுக்கு இளநிலை, முதுநிலை என்று மாணவியரைத் தயார் செய்தபோதும் எங்கள் கையில் இருந்தது நெய்த துணியே. ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் நாளெல்லாம் பனியன் துணியில் புழங்கும் காலம் வந்த பிறகும் பாடம் அங்கேயே நிற்பது பொருந்தாது. ஓர் ஊசி, ஒரு சங்கிலித் தையல், ஒரு கழுத்துப் பட்டி: இவ்வளவைச் சேர்த்தாலே போதும், புதிய பாடநூல் கூடத் தேவையில்லை.

பள்ளியைக் கடந்தவர்களுக்கு நூலகங்கள் உதவலாம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்ட மைய நூலகங்கள் இருக்கின்றன. வாசகர் வட்டங்களும் இருக்கின்றன. மாதத்தில் ஒரு பிற்பகல், நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறையில், ஒரு ஜிக்-ஜாக் மெஷினையும் இரண்டு கத்தரிக்கோலையும் வைத்து, ‘வீட்டில் கிடக்கும் ஒரு டி-ஷர்ட்டோடு வாருங்கள்’ என்று அழைத்தால் கூட்டம் சேரும் என்பதில் எனக்கு ஐயமில்லை. என்னைப் போல் ஓய்வு பெற்ற தையல் ஆசிரியைகள் அந்தந்த வட்டங்களில் இருக்கிறார்கள். கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மகளிர் பகுதியில் உருமாற்றிய உடைகளின் வண்ணப் படங்கள் வருகின்றன, அளவுகள் வருவதில்லை. படத்தைப் பார்த்து ஆசைப்படலாமே தவிர வெட்ட முடியாது. தையல் வகுப்பில் முதல் நாள் பயிற்சியே பேப்பர் கட்டிங்தான். அதற்குப் பழைய நாளிதழைத்தான் எடுப்போம். சிறுமி கவுனின் கழுத்து, கை, தோள் ஆகியவற்றின் அரை வரைபடங்கள் நாளிதழின் ஒரு முழுப் பக்கத்துக்குள் அடங்கிவிடும். மாதத்துக்கு ஒரு முறை அந்த வரைபடத்தை உண்மையான அளவிலேயே, துணி இழுபடும் வாக்கைக் காட்டும் அம்புக்குறியோடு அச்சிட்டால், வாசகர் அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி டி-ஷர்ட்டின் மேல் வைத்து ஊசி குத்திக்கொள்ளலாம். அச்சில் அளவு சுருங்கிவிட்டதா என்று சரிபார்க்க, பக்கத்தின் ஓரத்தில் பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டையும் போட்டுவிட வேண்டும். நான்கு வயது, ஆறு வயது, எட்டு வயது அளவுகளுக்கான வரைபடங்களைத் தாளில் வரைந்து அனுப்ப நான் அணியமாக இருக்கிறேன். பக்கத்தின் நீள அகலத்தை மட்டும் தெரிவித்தால் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.